விரையில் மாற்றம்: எது இயல்பு, எதற்கு உடனே ஓட வேண்டும்? முழுமையான வழிகாட்டி

என் அக்கா மகனுக்கு அப்போது 14 வயது. வீடு திருவனந்தபுரம் கரமனையில். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "வயிறு வலிக்கும்மா" என்றான். ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், வாந்தி எடுத்தான். விடிந்ததும் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே வயிற்றை அமுக்கிப் பார்த்து, வாயு என்று ஓர் ஊசி போட்டு அனுப்பினார்கள். நிக்கரைக் கழற்றச் சொல்லவில்லை. அவனும் வாய் திறக்கவில்லை. மத்தியானம் குளிக்கப் போனவன் கதவைத் திறக்காமல் அழுதபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வலது விரை சிவந்து வீங்கி, கை வைக்க முடியாமல் கிடந்தது. ஆபரேஷன் மேசைக்குப் போய்ச் சேரும்போது வலி தொடங்கி 14 மணி நேரம் கடந்திருந்தது. விரை கறுத்துப்போயிருந்தது. எடுத்துவிட்டார்கள்.

இன்று அவன் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. மிச்சமிருக்கும் ஒரு விரையே அதற்குப் போதுமானதாக இருந்தது. இதைப் பற்றி எழுதுங்கள் என்று என்னைக் கேட்டவனும் அவன்தான். "வலி எங்கேன்னு எனக்கு அந்த ராத்திரியே தெரியும் மாமா. அம்மாகிட்ட அதை எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

அவனுக்கு அன்று தெரியாமல் போனதையெல்லாம் கீழே வரிசையாகச் சொல்கிறேன். பையன்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் வயதானவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

படி 1: மற்றதெல்லாம் அப்புறம், இந்த ஒரு வலியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

விரை பைக்குள் ஒரு கயிற்றில் தொங்குகிறது. ரத்தக் குழாய்களும் நரம்பும் விந்து நாளமும் சேர்ந்த கயிறு அது. பெரும்பாலானவர்களுக்கு விரை பையின் பின்சுவரோடு ஒட்டி நிற்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் பிடிப்பு இருக்காது. கோயில் மணியின் நாக்கு போல அது தளர்வாக ஆடும். ஓடும்போதோ விளையாடும்போதோ, சும்மா தூங்கிக்கொண்டிருக்கும்போதோ அது சுற்றிக்கொள்ளலாம். கயிறு முறுக்கினால் ரத்தம் போகாது. இதைத்தான் விரை முறுக்கம் என்கிறோம், டாக்டர்கள் டார்ஷன் என்பார்கள். 12 முதல் 18 வயதுவரை அதிகம் வரும். பிறந்த குழந்தைக்கும் வரலாம், முப்பது தாண்டியவருக்கும் வரலாம்.

அடையாளங்கள் இவை. வலி திடீரென்று, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும். வந்த நேரத்தை மணி பார்த்துச் சொல்லிவிடலாம், அவ்வளவு திடீரென்று வரும். வாந்தியோ குமட்டலோ கூடவே இருக்கலாம். வலித்த பக்கத்து விரை மேலே ஏறி, குறுக்காகக் கிடப்பதுபோல் தெரியும். டாக்டர் உள்தொடையை லேசாக வருடிப் பார்ப்பார். சாதாரணமாக அந்தப் பக்கத்து விரை சட்டென்று மேலே இழுபடும். முறுக்கிய விரை பெரும்பாலும் அசையாது. முக்கியமான இன்னொன்று: பல பையன்களுக்கு வலி முதலில் அடிவயிற்றில்தான் தெரியும். ஆகவே பையன் அடிவயிறு வலிக்கிறது என்று சுருண்டால், அம்மாவோ அப்பாவோ நேராகக் கேட்டுவிட வேண்டும்: "கீழே வலிக்குதா? விரையில வலிக்குதா?" கேட்டால் சொல்வான். கேட்காவிட்டால் என் மருமகனைப் போல மறைப்பான்.

கணக்கு ஆறு மணி நேரம். வலி தொடங்கிய ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கை அவிழ்த்தால் பத்தில் ஒன்பது விரைகளுக்கு மேல் பிழைக்கின்றன. 24 மணி நேரம் கடந்தால் பத்தில் ஒன்று பிழைப்பதே கடினம். அவிழ்த்த விரையோடு மறுபக்கத்து விரையையும் தையல் போட்டு நிலைநிறுத்திவிடுவார்கள், ஏனென்றால் ஒரு பக்கம் தளர்வாக இருந்தால் மற்றதும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: 108 கூப்பிடுங்கள், அல்லது ஆட்டோ பிடித்து அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். திருவனந்தபுரத்தில் காஷ்வாலிட்டி என்று கேட்டால் கை காட்டுவார்கள். காலையில் ஓ.பி. திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும் என்பதால் வழியில் டீ, பன், இளநீர் எதுவும் வேண்டாம். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

வலி தானாகவே சட்டென்று நின்றுபோனால்? சில நேரம் முறுக்கு தானே அவிழ்ந்துவிடும். மறுபடியும் முறுக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வலி போனாலும் அன்றே காட்ட வேண்டும்.

படி 2: பெயரைச் சொல்லிப் பழகுங்கள்

வீட்டில் இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் "அங்க". குழந்தையாக இருக்கும்போது குஞ்சு, மணி என்று கொஞ்சிய வாய், பையனுக்குப் பத்து வயதானதும் மூடிக்கொள்கிறது. தெருவில் அவன் கற்றுக்கொள்ளும் சொற்கள் திட்டுவதற்கானவை, அவற்றை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்படுவான். விரை, விரைப்பை என்ற இரண்டு சொற்களும் மரியாதையானவை, நம் ஊரில் விதை என்றும் சொல்கிறோம். கை, கால், காது என்பதுபோல் இவற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சாலை பஜாரிலும் கரமனையிலும் வலியசாலையிலும் தலைமுறைகளாக இருக்கும் தமிழர்களுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கமிருந்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள், இந்த விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் மொழி தெரியாதவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள். நாலே சொற்கள் போதும். விரைக்கு மலையாளத்தில் வ்ருஷணம். வலிக்கு வேதன, நம் வேதனைதான். வீக்கத்துக்கு நீரு. கட்டிக்கு முழ. "பெட்டென்னு தொடங்கிய வேதன" என்றால் திடீரென்று வந்த வலி. இதைச் சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஹெர்னியா, ஹைட்ரோசில் எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான்.

படி 3: இயல்பானது எப்படி இருக்கும்?

இரண்டும் ஒரே அளவாக, ஒரே உயரத்தில் இருக்காது. பெரும்பாலோருக்கு இடது விரை கொஞ்சம் தாழ்ந்து தொங்கும். ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதும் சாதாரணம். வளர்ந்த ஆணின் விரை நீளவாக்கில் நாலு முதல் ஐந்து சென்டிமீட்டர், அகலத்தில் மூன்று சென்டிமீட்டருக்குள். தோல் உரித்த அவித்த முட்டையைத் தொட்டால் எப்படி இருக்கும்? வழவழப்பாக, அமுக்கினால் கொஞ்சம் கொடுத்து, ஆனால் கொழகொழக்காமல். விரையும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

விரைப்பை நாள் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கும். விந்தணு உருவாக உடம்பின் சூட்டைவிட இரண்டு முதல் நாலு டிகிரி குறைவான சூடு வேண்டும். அதனால்தான் அந்த உறுப்பு உடம்புக்கு வெளியே இருக்கிறது. மார்கழி விடியலில் கிணற்றடியில் நின்றால் பை சுருங்கி, விரைகள் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மேட மாத வெயிலில் தளர்ந்து தொங்கும். பயந்தாலும் சுருங்கும், உடலுறவின்போதும் மேலேறும். இதெல்லாம் பையின் சுவரிலும் கயிற்றிலும் இருக்கும் தசைகளின் வேலை. "சிலநாள் பெரிசா இருக்கு, சிலநாள் சின்னதா இருக்கு" என்று பயந்து வருபவர்களில் பலர் பார்ப்பது பையைத்தான், விரை அதே அளவில்தான் இருக்கிறது.

பையின் தோல் மற்ற இடத்தைவிடக் கறுப்பாக, சுருக்கமாக இருக்கும். சிறு வெள்ளைப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். வயதாகும்போது வரும் மிளகளவு கருஞ்சிவப்புப் புள்ளிகள் விரிந்த ரத்தக் குழாய்கள். இரண்டும் ஒன்றும் செய்யாது. அரிப்பு வேறு விஷயம். திருவனந்தபுரத்தின் ஈரப்பதத்தில் தொடை இடுக்கில் படர்தாமரை வராதவர் குறைவு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலப்பு ஆயின்மெண்ட்களில் ஸ்டீராய்டு இருந்தால் முதல் வாரம் ஆறுவதுபோல் தெரியும், பிறகு இரட்டிப்பாகப் பரவும். தோல் டாக்டரிடம் காட்டி வாங்குங்கள்.

படி 4: வயதுக்கு வயது வரும் மாற்றம்

கருவில் விரைகள் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் பைக்குள் இறங்குகின்றன. நிறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேருக்கு ஒரு விரையாவது இறங்காமல் நிற்கும். குறைமாதக் குழந்தைகளில் இது பல மடங்கு. முதல் சில மாதங்களில் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். ஆறு மாதமாகியும் பை காலியாக இருந்தால் குழந்தை அறுவை நிபுணரிடம் காட்ட வேண்டும், ஒன்று ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் முடிந்துவிடுவது நல்லது. "பெரியவனானா தானா இறங்கிடும்" என்று பாட்டி சொல்வார், நம்பிக் காத்திருக்காதீர்கள். இறங்காத விரையில் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குழந்தைப்பேற்றில் சிக்கலும் கூடுதல். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது இரண்டும் கையில் படுகிறதா என்று பார்ப்பவர் பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோதான். குளிரில் மேலேறி, வெந்நீர் பட்டதும் இறங்கி வந்தால் கவலை குறைவு. ஆனாலும் ஆண்டுக்கொருமுறை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆண் பிள்ளை வயசுக்கு வருவதன் முதல் அடையாளம் எது என்று கேட்டால் மீசை, குரல் என்பார்கள். அதற்கெல்லாம் முன்னால் விரைதான் வளரத் தொடங்குகிறது. 9 முதல் 14 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் இது தொடங்கலாம். குழந்தை டாக்டர்களிடம் ஒரு மணிமாலை இருக்கும். சின்னதிலிருந்து பெரியதுவரை 12 மரமணிகள் அல்லது பிளாஸ்டிக் மணிகள், ஒன்று முதல் 25 மில்லிலிட்டர்வரை. ஸ்விட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் ஆண்ட்ரியா பிராடர் 1960களில் உருவாக்கியது. ஒரு கையில் மாலை, மறு கையில் பையனின் விரை, எந்த மணியோடு பொருந்துகிறது என்று பார்ப்பார்கள். நாலு மில்லி மணியோடு பொருந்தினால் பருவம் தொடங்கிவிட்டது. 14 முடிந்தும் தொடங்கவில்லை, அல்லது 9க்கு முன்பே தொடங்கிவிட்டது என்றால் காட்ட வேண்டும்.

இந்த வயதில் பையன்கள் நண்பர்களோடு ஒப்பிட்டுக் குமைவார்கள். ஒருவன் 11ல் தொடங்குவான், ஒருவன் 13ல். இரண்டும் சரி என்று வீட்டில் ஒருவர் சொன்னால் போதும்.

நடுத்தர வயதில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்த வயதில் விரை சுருங்கினால் காரணம் தேட வேண்டும். நீண்டகாலக் குடி ஒன்று. இன்னொன்றை ஜிம்முக்குப் போகும் இளைஞர்களுக்காக அழுத்திச் சொல்கிறேன்: உடம்பை ஏற்ற ஊசியாகவும் மாத்திரையாகவும் விற்கப்படும் ஸ்டீராய்டுகள், டெஸ்டோஸ்டிரோன் உட்பட, விரையின் வேலையை நிறுத்திவிடுகின்றன. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், நீ சுரக்க வேண்டாம் என்று மூளை விரைக்குச் சொல்லிவிடுகிறது. விரை சுருங்கும், விந்தணு குறைந்தே போகலாம். நிறுத்திய பிறகு மீண்டு வர மாதக்கணக்காகும், சிலருக்கு அதற்கும் மேல்.

அறுபதுக்குமேல் விரை சற்றுச் சிறுத்து, மென்மையாகி, பை தளர்ந்து தாழ்வது வயதின் இயல்பு.

படி 5: தொட்டுப் பார்ப்பது எப்படி

வெந்நீரில் குளித்த பிறகு பை தளர்ந்திருக்கும், அப்போது பாருங்கள். நின்றுகொண்டு ஒரு பக்கத்து விரையை இரண்டு கையாலும் பிடியுங்கள். கட்டைவிரல்கள் மேலே, மற்ற விரல்கள் கீழே. மெதுவாக உருட்டுங்கள். வலிக்கக் கூடாது. பின்பக்கம், மேலிருந்து கீழாக, மென்மையான சுருள் ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் எபிடிடிமிஸ், விந்தணு முதிரும் இடம். முதன்முதலாகத் தொடுபவர்கள் கட்டி என்று பயப்படுவது பெரும்பாலும் இதைக் கண்டுதான். மறுபக்கத்திலும் தடவுங்கள். அங்கேயும் அதே இடத்தில் இருந்தால் அது உங்கள் உடம்பின் பாகம். அதிலிருந்து மேலே போகும், வேகாத நூடுல்ஸ்போல் விறைப்பான நூல் விந்து நாளம்.

மாதம் ஒருமுறை நாள் குறித்துச் சோதித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறிகுறி இல்லாத ஆண்களுக்கு அப்படி ஒரு வழக்கமான சோதனையை அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2011ல் பரிந்துரைக்க மறுத்தது. அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு, வீண் பயம் அதிகம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஆனால் உங்கள் விரை சாதாரணமாக எப்படி இருக்கும் என்று உங்கள் கைக்கு ஒருதடவையாவது தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மாறியது எப்படித் தெரியும்?

படி 6: கையில் ஏதோ படுகிறது, என்னவாக இருக்கும்?

எபிடிடிமிஸில் நீர் கோத்த சிறு உருண்டை, பட்டாணி அளவில், விரையிலிருந்து தனியாக நகரும். வலி இருக்காது. பெரும்பாலும் சிகிச்சையே வேண்டாம், ஸ்கேனில் உறுதிசெய்தால் போதும்.

இடப்பக்கத்தில், நிற்கும்போது மட்டும், பைக்குள் மண்புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் தட்டுப்பட்டால் அது வெரிகோசில், காலில் வரும் நரம்புச் சுருட்டலின் இந்த இடத்து வடிவம். ஏறக்குறைய ஏழு ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. இடப்பக்கமே ஏன் என்றால், இடது விரையின் ரத்தக் குழாய் நேராக மேலேறி இடது சிறுநீரகத்தின் ரத்தக் குழாயில் செங்குத்தாகப் போய்ச் சேர்கிறது, அதனால் அழுத்தம் கூடுதல். பலருக்கு ஒன்றும் செய்யாது. குழந்தை தங்கவில்லை, இழுத்துப் பிடிக்கும் வலி இருக்கிறது, அந்தப் பக்கத்து விரை சிறுத்திருக்கிறது என்றால் காட்ட வேண்டும். வலப்பக்கம் மட்டும் வந்தாலோ, படுத்தாலும் வடியாமல் நின்றாலோ, நாற்பது தாண்டித் திடீரென்று முளைத்தாலோ வயிற்றையும் சிறுநீரகத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்வார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இருமும்போதும் மூட்டை தூக்கும்போதும் புடைத்து, படுத்தால் உள்ளே போகும் வீக்கம் குடலிறக்கம், ஹெர்னியா. சாலை பஜாரில் சுமை தூக்கும் தொழிலாளர்கள் இதை ஆண்டுக்கணக்கில் கையால் உள்ளே தள்ளிக்கொண்டே வேலை பார்ப்பார்கள். உள்ளே போக மறுத்து, வலியும் வாந்தியும் வந்தால் குடல் சிக்கிக்கொண்டது என்று பொருள், அன்றைக்கே ஆபரேஷன்.

கேரளத்துப் பெரியவர்களுக்கு இன்னொன்று. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த குடும்பக்கட்டுப்பாட்டு முகாமில் ஒரே மாதத்தில் 60,000க்கும் மேற்பட்ட ஆண்கள் வாசெக்டமி செய்துகொண்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்த முகாம் அது. எங்கே எப்போது வாசெக்டமி செய்தவரானாலும், நாளத்தை வெட்டிக் கட்டிய இடத்தில் ஒரு சிறு முடிச்சு நிரந்தரமாகத் தட்டுப்படலாம். அது பழைய தழும்பு. டாக்டரிடம் போனால் அந்த ஆபரேஷனைச் சொல்ல மறக்காதீர்கள்.

விரையில் ஒன்றுமே இல்லாமல் விரை வலிப்பதும் உண்டு. சிறுநீரகக் கல் இடுப்பிலிருந்து விரைக்கு வலியை அனுப்பும். இரண்டுக்கும் நரம்புப் பாதை பொது. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வண்டி ஓட்டும் ஆட்டோக்காரர்களுக்கு இது தெரிந்த கதை.

படி 7: ஓதம்

விரையைச் சுற்றி நீர் கோப்பதைப் பழைய தமிழில் ஓதம் என்பார்கள், ஊர்வழக்கில் விரைவீக்கம், ஆஸ்பத்திரியில் ஹைட்ரோசில். இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து ஆண்கள் இதைச் சுமந்ததுபோல் வேறெதையும் சுமந்ததில்லை. என் சிறுவயதில் சாலை பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் எப்போதும் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பார். எழுந்தால் வேட்டி ஒரு தேங்காயை ஒளித்ததுபோல் முன்னால் தள்ளி நிற்கும். கல்யாண வீடுகளுக்குப் போகமாட்டார். நாங்கள் சிறுவர்கள் சிரித்திருக்கிறோம். இப்போது நினைத்தால் மனசு குறுகுகிறது. அரைமணி, ஒருமணி நேர ஆபரேஷனில் தீரக்கூடிய ஒன்றோடு அவர் வாழ்ந்து முடித்தார்.

இந்தக் கடற்கரையில் ஓதத்துக்கு ஒரு காரணம் கொசு. யானைக்கால் புழுக்களில் இரண்டு வகை திருவிதாங்கூரில் இருந்தன. சேர்த்தலைப் பக்கத்தில் பரவிய வகை முழங்காலுக்குக் கீழே காலைத்தான் வீங்கவைத்தது. மலையாளிகள் மந்து என்று சொல்வது அதைத்தான். ஆகாயத்தாமரையின் வேரில் ஒட்டி வளரும் கொசு அதைப் பரப்பியது. 1930களில் திருவிதாங்கூரில் இதை ஆராய்ந்த எம்.ஓ.டி. ஐயங்கார் குளங்களிலிருந்து அந்தச் செடியை அகற்றச் சொன்னார். சாக்கடையில் வளரும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் மற்ற வகைதான் விரைப்பையில் நீர் கோக்கவைக்கும். யானைக்கால் ரத்தப் பரிசோதனை ராத்திரியில் நடப்பதற்குக் காரணம், இந்தப் புழுக்களின் குஞ்சுகள் ராத்திரியில்தான் மேல்ரத்தத்துக்கு வருகின்றன. இன்று ஓதம் வரும் பலருக்குப் புழு காரணமில்லை. அடிபட்டதாலோ கிருமியாலோ, ஒரு காரணமும் தெரியாமலோ வருகிறது. பிறந்த குழந்தைக்கு வந்தால் பெரும்பாலும் ஒன்று இரண்டு வயதுக்குள் தானே வற்றும்.

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு, பையின் பின்னால் டார்ச்சை வைத்துப் பார்ப்பார். தெளிந்த நீர் என்றால் பை முழுவதும் செம்பருத்தி நிறத்தில் ஒளிரும், விரை மட்டும் நிழலாகத் தெரியும். ஒளிராவிட்டால் உள்ளே ரத்தம், குடல், கட்டி என்று வேறு ஏதோ இருக்கலாம். இளைஞருக்குப் புதிதாக ஓதம் வந்தால் டார்ச்சோடு நிறுத்தாமல் ஸ்கேனும் செய்ய வேண்டும். சில நேரம் விரையில் வந்த கட்டியே நீரைச் சேர்த்து, அதன் பின்னால் ஒளிந்திருக்கும்.

கழற்சிக்காய் இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது நம் வீடுகளில் தெரிந்த வைத்தியம். காது குத்தினால் ஓதம் வராது என்ற நம்பிக்கையும் உண்டு. தாத்தாக்கள் செய்ததைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் உள்ளே இருப்பது நீர்தானா என்று ஸ்கேனில் தெரியும்வரை எதையும் கட்டாதீர்கள். ஊசி போட்டு நீரை எடுத்தால் மறுபடி கோக்கும், கிருமியும் நுழையலாம். நிலையான தீர்வு, நீர் கோக்கும் உறையை அறுத்துப் புரட்டித் தைப்பது.

படி 8: பொன்னுக்கு வீங்கியும் மற்ற கிருமிகளும்

2024 தொடக்கத்தில் கேரளத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. மலையாளத்தில் முண்டிநீர். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இருப்பது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்குமான ஊசி, இதற்கானது அதில் இல்லை. மூன்றையும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசியைத் தனியாரிடம் போட்டுக்கொள்ளலாம். சின்னப் பையன்களுக்குக் கன்னத்தோடு போய்விடும். பருவம் வந்தவர்களில் நாலைந்து பேரில் ஒருவருக்குக் கன்னம் வீங்கிய சில நாளில் விரையும் வீங்கி, காய்ச்சல் கொளுத்தும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான். பாதிப் பேருக்கு அந்த விரை பின்னாளில் ஓரளவு சுருங்கலாம். "ஆண்மை போச்சு" என்று ஊர் பேசுவது பொய். குழந்தையே பிறக்காமல் போவது அரிது. இருந்தாலும் பையனின் விரை வீக்கத்தைப் பொன்னுக்கு வீங்கி என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள், அது முறுக்கமாகவும் இருக்கலாம்.

மற்றக் கிருமித் தொற்றில் வலி ஒன்றிரண்டு நாளாகக் கூடிக்கொண்டே வரும். நீர்க்கடுப்பு, காய்ச்சல் இருக்கும். இளைஞர்களுக்குப் பால்வினைக் கிருமி, மூத்தவர்களுக்குச் சிறுநீர்க் கிருமி. மாதக்கணக்கில் வலியில்லாமல் எபிடிடிமிஸ் கெட்டிப்பட்டால் நம் நாட்டில் காசநோயையும் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவரின் விரைப்பைத் தோல் சிவந்து, கறுத்து, நாற்றமெடுத்தால் மணிக்கணக்கு அவசரம், முறுக்கத்தைப் போலவே. உயிரையே வாங்கும் தொற்று அது.

படி 9: வலிக்காத கட்டி

வலித்தால் ஓடுகிறோம், வலிக்காததை விட்டுவிடுகிறோம். விரைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. விரையோடு ஒட்டிய, கல்போன்ற ஒரு கடினம். அல்லது விரை முழுவதும் பெருத்து, பை கனப்பதுபோன்ற உணர்வு. எப்போதாவது மார்புக் காம்பு வீங்கும். பிற புற்றுநோய்கள் பெரும்பாலும் முதுமையில் வரும், இது 15 முதல் 40 வயதுக்குள் அதிகம் வரும். இந்தியாவில் அரிது, லட்சம் ஆண்களில் ஆண்டுக்கு ஒருவருக்கும் குறைவு. அறுபது கடந்தவரின் விரையில் கட்டி என்றால் அது லிம்போமாவாக இருக்கும் வாய்ப்பு கூடுதல்.

முழுதாகக் குணமாகும் புற்றுநோய்களில் இது முன்வரிசையில் இருக்கிறது, நூற்றில் 95 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். எப்போதும் அப்படி இருக்கவில்லை. 1974ல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை மற்ற இரண்டோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். உடம்பெங்கும் பரவிய நிலையில் இருந்த இளைஞர்கள் எழுந்து நடந்தார்கள். அதே ஐன்ஹார்னிடம்தான் 2012ல் நம் யுவராஜ் சிங் போனார். 2011 உலகக் கோப்பையில் இருமிக்கொண்டே ஆடியவருக்கு இருந்தது நெஞ்சுக்கூட்டில் வந்த செமினோமா, விரையில் வரும் அதே வகைக் கட்டி. அதே 2012ல் மறுபடி இந்திய அணிக்கு ஆடினார்.

இந்தச் சந்தேகத்தில் இரண்டு விதிகள். பையில் ஊசி குத்தித் திசு எடுக்க விடாதீர்கள், விரையை எடுக்க வேண்டியிருந்தால் அது தொடை இடுக்கு வழியாகத்தான் நடக்க வேண்டும். பையை அறுத்தால் நோய் வேறு வழியில் பரவலாம். இரண்டாவது, குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் சிகிச்சை தொடங்கும் முன் விந்தணுவைச் சேமித்து வைப்பது பற்றிக் கேட்டுவிடுங்கள். டாக்டர் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

படி 10: எங்கே போவது, உள்ளே என்ன நடக்கும்

அவசரமில்லாத சந்தேகத்துக்கு அருகிலுள்ள குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தில் தொடங்கலாம். கேரளத்தின் திஷா உதவி எண் 1056ஐக் கூப்பிட்டு, முகம் காட்டாமல் கேட்கலாம். கூச்சம் மிகுந்தவர்களுக்கு அது நல்ல வாசல். பெரியவர்களுக்குப் பாளையத்தருகே ஜெனரல் ஆஸ்பத்திரி, 1951ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் அறுவைப் பிரிவும் யூராலஜியும். குழந்தைகளுக்கு அதே வளாகத்தில் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி. புற்றுநோய் என்று உறுதியானால் 1981ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யும் அங்கேயே, நடந்து போகும் தூரம். குமரி மாவட்டத்திலிருந்து வருபவர்களுக்கு ஒன்று: திடீர் வலி என்றால் திருவனந்தபுரம்தான் போக வேண்டும் என்று ரயிலுக்கு நிற்காதீர்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள். ஆறு மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும்.

ஜீன்ஸ் வேண்டாம். வேட்டியோ தளர்வான பேண்ட்டோ போட்டுப் போங்கள். டாக்டர் நிற்கவைத்தும் படுக்கவைத்தும் பார்ப்பார், இருமச் சொல்வார், கையுறை போட்டு இரண்டு பக்கமும் தொட்டுப் பார்ப்பார். பெண் டாக்டராக இருக்கலாம். அவர் இதைப் போல் பல விரைகளைப் பார்த்தவர், உங்களை நினைவில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. முடியவே முடியாது என்றால் ஆண் டாக்டர் வேண்டும் என்று கேளுங்கள், அதில் தவறில்லை. மகனைக் கூட்டிப்போகும் அம்மா, திரைக்கு வெளியே நிற்கட்டுமா என்று அவனிடமே கேட்டுவிடலாம்.

பிறகு ஸ்கேன். பைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, ஆணுறுப்பைத் துணியால் மூடி மேலே தூக்கிவைத்துக்கொள்ளச் சொல்வார்கள். குளிர்ந்த ஜெல் தடவும்போது பை சுருங்கும், அது இயல்பு. கருவியை உருட்டும்போது திரையில் ரத்த ஓட்டம் சிவப்பும் நீலமுமாகத் தெரியும். பத்து, பதினைந்து நிமிடம். வலி இல்லை. கட்டி சந்தேகம் என்றால் ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி., எல்.டி.ஹெச். என்று மூன்று ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள், ஆபரேஷனுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். என் மருமகனின் ஃபைல் இன்னும் அவன் அலமாரியில் இருக்கிறது. மேலட்டையில் அவன் அம்மா பேனாவால் எழுதியிருக்கிறாள்: "வலது விரை". அந்த வார்த்தையை அவள் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல்முறை.